பாலியஸ்டர் என்று நான் சொன்ன பட்டு

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கியதில்லை. தியாகராய நகரில், உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் ஜவுளிக்கடை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் சாமி படத்துக்குக் கீழே முதலில் கண்ணில் படுவது என் தகப்பனார் பொன்னையா எழுதி மாட்டிய பலகை: ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது.’ உடன்குடியிலிருந்து வந்து கடை திறந்த அன்றே மாட்டியது. வாடிக்கையாளர்கள் அது சேலைக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அது வாய்க்கும் சேர்த்துத்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, முத்துகிருஷ்ணன் என்று பெயர் வாங்கி, எழுபத்தொரு வயது வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருந்த நான், போன ஆவணி மாதம் ஒரே நாளில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறை ஆனதற்குக் காரணம் என் மருமகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மருமகள் சரண்யா கெட்டிக்காரி. கடையின் முதல் மாடியில் பட்டுப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பு. என் மகன் பொன்ராஜ் ஒரு சேலையை விற்கும் நேரத்தில் அவள் நாலு விற்பாள். ஒரே ஒரு பித்து உண்டு, அழகிப் போட்டி. ஊரில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எந்த வருஷம் யார் எத்தனை ரன் என்று சொல்கிற மாதிரி, எந்த வருஷம் எந்த நாட்டுப் பெண் எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லித் தோற்றாள் என்று இவள் சொல்லுவாள். கல்யாணமாகி வந்த புதிதில், பெண்களை வரிசையாக நிற்க வைத்து மார்க் போடுவதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். அவள் நிதானமாக, "நம்ம கடையில பொம்மைகள வரிசையா நிக்க வச்சுத்தானே மாமா சேலை விக்கிறோம். இவங்க கேள்வி கேட்டா பதிலாவது சொல்றாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செய்தி கேட்க உட்கார்ந்தவன், செய்தி முடிந்தும் எழுந்திருக்காமல் இருக்கப் பழகினேன்.

இந்த வருஷம் ‘மிஸ் மாநகரம்’ என்று ஒரு போட்டி. சென்னைப் பெண்களுக்கு மட்டும். முப்பது பேரில் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். ஏழு பேரை நடுவர்கள் எடுப்பார்கள். எட்டாவது இடம் ஜனங்கள் ஃபோனில் போடும் ஓட்டில் முதலாவது வருகிற பெண்ணுக்கு. சரண்யாவின் கட்சி ஷண்முகப்ரியா, கே.கே. நகர்ப் பெண். நல்ல உயரம், தேர் திரும்புகிற மாதிரி நிதானமான நடை. சேலைச் சுற்றுக்கு எங்கள் கடையிலிருந்துதான் மயில் கழுத்து நிறத்தில் சேலை போயிற்று. எப்போது எங்கள் சேலை மேடை ஏறியதோ, அப்போதே இது சரண்யாவின் பித்தாக இல்லாமல் கடையின் மானமாகிவிட்டது.

சரண்யா ‘ஷண்முகப்ரியா படை’ என்று முகநூலில் ஒரு பக்கம் நடத்தினாள். ஒன்பதாயிரம் பேர். எதிரில் ‘ஸஹானா சபை’ என்று மயிலாப்பூரிலிருந்து ஒரு பக்கம். அவர்கள் பெண் ஸஹானா, அடையாறில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்க்கிறவள். படைக்கும் சபைக்கும் காலையில் எழுந்ததும் சண்டை. இவர்கள் அந்தப் பெண்ணின் நடையைச் சொன்னால், அவர்கள் இந்தப் பெண்ணின் ஆங்கிலத்தைச் சொல்வார்கள். நான் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபோனைத் திருப்பிக் கொடுப்பேன். பெரிய மனிதர்கள் இதிலெல்லாம் தலையிடுவதில்லை.

ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை தலையிட்டேன். எங்கள் சேலையைப் பற்றி நான் இரண்டு நிமிஷம் பேசினால் படைக்கு உற்சாகமாக இருக்கும் என்று சரண்யா வீடியோ எடுத்தாள். கரையைத் தனியாக நெய்து உடலோடு எப்படிக் கோர்க்கிறார்கள், ஜரிகை என்றால் என்ன, இதையெல்லாம் சொன்னேன். நன்றாகவே போயிற்று. அங்கே நிறுத்தியிருக்கலாம். சரண்யா இன்னொரு ஃபோனை நீட்டி ஸஹானாவின் படத்தைக் காட்டினாள். அரக்குச் சேலை, மாம்பழ நிறக் கரை. மேடை வெளிச்சத்தில் வழவழவென்று மின்னியது. "இது எப்படி மாமா?" என்றாள்.

நாற்பத்தொன்பது வருஷம் துணி பார்த்த கண் என்ற நினைப்பில் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை.

"இது பட்டா? பாலியஸ்டர். எங்க கடையில இதை சன்னல் திரைக்குக்கூட வாங்க மாட்டோம்" என்றேன்.

வியாழக்கிழமைக்குள் ஊர் முழுக்க அது பரவிவிட்டது. என் பேச்சின் நல்ல பகுதி எதையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டி, பின்னால் தவில் சத்தம் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேனாம்பேட்டையில் பல் டாக்டரிடம் போனால் சீட்டுக் கொடுக்கிற பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து நின்றாள். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பெண் ஸஹானாவுக்கு ‘பாலியஸ்டர் பாப்பா’ என்று பெயர் வைத்தார்கள். ஓட்டில் முதலாவதாக இருந்தவள் இரண்டு நாளில் ஆறாவது இடத்துக்குப் போனாள். ஷண்முகப்ரியா முதலிடத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓட்டு முடிகிறது. படைக்கு ஒரே கொண்டாட்டம்.

வெள்ளிக்கிழமை சபையிலிருந்து பதில் வந்தது. சரண்யா காட்ட மறுத்தாள். பொன்ராஜ் காட்டினான். ‘ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கெல்லாம் பட்டு தெரியும் என்றால், மீன் விற்பவருக்கெல்லாம் நீச்சல் தெரிய வேண்டும். அந்தக் குடும்பத்துக்குக் கண்ணும் இல்லை, பண்பும் இல்லை.’

என் கண்ணைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். குடும்பத்தை இழுத்தால் எழுதியவர் வாசலில் போய் நின்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். எழுதியது யார் என்று சரண்யாவைக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சூடாமணி என்று ஒரு மாமி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கச்சேரி சாலைக்குப் பக்கத்தில் வீடு. ஸஹானாவுக்கு அந்தச் சேலையைக் கொடுத்ததும் அவர்தானாம். போன வருஷம் வரை இருவரும் ஒரே கட்சியாம். உலக அழகிப் போட்டி நடக்கிறபோதெல்லாம் ஃபோனில் சேர்ந்து பார்ப்பார்களாம். "பேசியே மூணு மாசமாச்சு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் ஒரு தீப்பெட்டியோடு கிளம்பினேன். தீப்பெட்டி எதற்கென்று ஜவுளிக்காரர்களுக்குத் தெரியும். சேலையின் முந்தி ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பற்ற வைத்தால் பட்டு முடி கருகுகிற வாசனை விட்டுப் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி உருளும். அந்த மணியை அந்த அம்மாள் உள்ளங்கையில் வைத்து, அதன் பிறகு பண்பைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணம்.

காரை எடுத்தால் பொன்ராஜுக்குத் தெரியும் என்று ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் பெயர் கபாலி. கண்ணாடியில் என்னை மூன்று தடவை பார்த்துவிட்டு, "பெர்சு, அந்த பாலியஸ்டர் மேட்டர் நீதானே" என்றான். என்னை யாரும் பெரிசு என்று கூப்பிடுவதில்லை. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். அவன் விடவில்லை. "எம்பொண்ணு அந்தப் பாப்பாவுக்குத்தான் ஓட்டு போட்டுக்கினு இருந்துச்சு. நீ சொன்னதும் மாத்தி குத்திடுச்சு. மெய்யாலுமே அது பாலியஸ்டரா நைனா? நீ தொட்டுப் பாத்தியா?" என்றான்.

வண்டியை ஒழுங்காக ஓட்டச் சொன்னேன்.

சூடாமணி மாமி கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். ஒல்லியான உருவம், கணக்கு டீச்சரின் நேரான முதுகு. என் முதுகும் நேரானதுதான். இரண்டு பேரும் ஒரு விநாடி அப்படியே நின்றோம். உள்ளே வரச் சொன்னார். காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். மனத்தாங்கல் இருக்கிற வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை என்றேன். "அப்ப ஜலமாவது குடிங்கோ, அதுல கை நனையாது" என்றார். அதையும் வேண்டாம் என்றேன். கூடத்தின் மூலையில் அவர் கணவர் பரத்வாஜ் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவர் முகத்தை நான் அன்று பார்க்கவே இல்லை.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். பட்டாக இருந்தால் நான் தோற்றேன், பாலியஸ்டராக இருந்தால் எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதியதை நீங்கள் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய், வெள்ளைத் துணியில் சுற்றிய சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

மடியில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எடை என்று ஒன்று இருக்கிறது. பழைய பட்டு மடியில் உட்காருகிற விதமே வேறு. தூங்குகிற குழந்தை மாதிரி அப்படியே படியும். பாலியஸ்டர் வழுக்கி ஓடும். கை தன்னால் கரையைத் தடவியது. ஆனாலும் வந்த காரியம் என்று ஒன்று இருக்கிறதே, தீப்பெட்டியை எடுத்தேன். ஓர் இழை உருவலாமா என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்" என்றார் மாமி. "ரெண்டாவது இழைய உருவினேள்னா நான் உங்க வேஷ்டியக் கொளுத்துவேன்."

அவரே ஒரு டவராவை முன்னால் வைத்தார். இழையைப் பற்ற வைத்தேன். சுருண்டது, கறுத்தது, விரலில் தொட்டதும் பொடியாயிற்று. கூடம் முழுவதும் அந்த வாசனை. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "முடி கருகற நாத்தம் வரதே, யாரோடது?" என்று ஒரு குரல் வந்தது.

அப்புறம் எப்படி அந்த மினுமினுப்பு? நான் கேட்பதற்கு முன்னாலேயே மாமி சொன்னார். போட்டிக்கு முதல் நாள் பாலிஷ் போடக் கொடுத்தாராம். பழைய சேலையை உருளையில் போட்டு அழுத்தி வழவழப்பாக்கித் தருவார்களே, அது. பாலிஷ் போட்ட பட்டு விளக்கு வெளிச்சத்தில் கண்ணை ஏமாற்றும் என்று எங்கள் கடையில் புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பவன் நான்.

தலையைக் குனிந்துகொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சேலையின் உள்முனையைப் புரட்டிப் பார்க்கிற மாதிரிக் குனிந்தேன். குனிந்தது தப்பாகப் போயிற்று. ஓரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி, அரக்குக்கு நடுவே ஒரே ஒரு பச்சை இழை ஓடியது.

என் தகப்பனார் காலத்தில் காஞ்சிபுரத்தில் எங்களுக்கென்று நெய்கிற சேலைகளில் எல்லாம் உள்முனையில் ஒரு பச்சை இழை போடச் சொல்வார். வேறு கடைச் சரக்கோடு கலந்துவிட்டால் கண்டுபிடிக்க. எங்கள் குடும்பத்துக்கும் நெய்கிறவர்களுக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது. சன்னல் திரைக்குக்கூட வாங்க மாட்டோம் என்று நான் சொன்ன சேலையை எங்கள் கடைதான் விற்றிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இழையை மடிப்புக்குள் தள்ளிச் சேலையை மூடினேன். "பட்டுதான். நான் சொன்னது பிசகு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அவ்வளவையே என் தகப்பனார் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டார். மிச்சத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்தது.

மாமி அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் பிய்ந்து, சணல் போட்டுக் கட்டியிருந்தது. மூடியில் குத்துவிளக்குப் படம். அதற்குக் கீழே பொன்னையா ஜவுளிக்கடை, தியாகராய நகர். உள்ளே தொண்ணூறுகளிலிருந்து அவர் வெட்டிச் சேர்த்த அழகிப் போட்டிப் படங்கள்.

"எழுபத்தெட்டுல, தை மாசம். கூறைப்புடவைக்கு மேல இது ஒண்ணு வேணும்னு நான் அடம் பிடிச்சேன். விரிச்சுக் காட்டினது நீங்கதான். மீசை அப்ப ஒல்லியா இருந்தது. அம்பது வருஷம் ஆனாலும் இந்தப் பட்டு பேர் சொல்லும்னேள்" என்றார். பிறகு சற்று யோசித்து, "நாப்பத்தேழு வருஷத்துலயே சொல்லிடுத்து" என்றார்.

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

இந்தப் பெட்டியைப் படம் பிடித்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எங்கள் கடையின் பேர் தியாகராய நகரிலிருந்து தாம்பரம் வரை நாறியிருக்கும். ஸஹானா மறுநாளே முதலிடத்துக்கு வந்திருப்பாள். ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"போட்டோ எடுத்துட்டேன். எழுதியும் வச்சேன். அனுப்பறதுக்கு முன்னாடி சரண்யா ஞாபகம் வந்தது. எங்க பொண்ணு ஜெயிக்கணும்னு ஆசைதான். உங்க கடைய மூடணும்னு ஆசை இல்லையே."

அந்தக் கண், பண்பு எழுதியதை விடியற்காலையிலேயே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். கோபத்தில் எழுதியது, மீனைச் சொன்னது மட்டும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறாராம். அது நன்றாக வந்திருக்கிறதாம். ஆக, நான் திரும்ப வாங்கச் சொல்லி வந்த வார்த்தையை அவர் நான் கேட்காமலே வாங்கிவிட்டிருந்தார். நான் வாங்க வேண்டியது இன்னும் ஊர் முழுக்கத் தவில் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸஹானாதான். மேல் மாடியில் குடியிருப்பவளாம், மாமியிடம் கணக்குப் படித்தவள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். கண் இமையெல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து முறைக்கவில்லை. வணக்கம் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"அந்தப் புடவைய நான்தான் கேட்டு வாங்கிண்டேன். என்னை என்ன வேணா சொல்லட்டும். மாமியோட கல்யாணப் புடவைய ஊரே சிரிக்கிறது. இன்னிக்கு சாயங்காலம் போட்டியிலேர்ந்து விலகிக்கறேன்னு மெயில் அனுப்பிடறேன்" என்றாள்.

மாமி டவராவில் இருந்த சாம்பலை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார்.

"நாலு மணி வரைக்கும் மெயில் அனுப்பாதீங்க" என்றேன் ஸஹானாவிடம். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, காபி இருந்தால் குடிக்கிறேன் என்றேன். மாமி சிரிக்கவில்லை, ஆனால் டிகாக்ஷன் ஏற்கனவே இறங்கியிருந்தது. நான் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

கபாலி வாசலிலேயே காத்திருந்தான். "இன்னா நைனா, தொட்டுப் பாத்தியா?" என்றான். பார்த்தேன் என்றேன். பட்டு என்றேன். அவன் வண்டியைக் கிளப்பாமல் திரும்பி என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். "அப்ப எம்பொண்ணுகிட்ட நீயே சொல்லு" என்று ஃபோனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், மாமி வீட்டு வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி, அது பட்டுதானம்மா என்று சொன்னேன். இதை நான் மன்னிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைக்குப் போனதும் சரண்யாவையும் பொன்ராஜையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பொன்ராஜ் தலையில் கை வைத்தான். பட்டுதான் என்று மட்டும் சொல்லலாம், நம் கடைச் சேலை என்று எதற்குச் சொல்ல வேண்டும், யாருக்கும் தெரியாதே என்றான். அதையேதான் நானும் காலையில் நினைத்தேன் என்பதால் அவனைத் திட்ட முடியவில்லை. சரண்யா மேசையில் கிடந்த ஒரு சேலையை மடித்து வைத்தாள். பிறகு, "சொன்னா நம்ம ஷண்முகப்ரியா போயிடுவா மாமா. நாளைக்கு ஆறு மணி வரைக்கும் பொறுத்தா போதும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நாலு மணிக்கு அந்தப் பெண் விலகிவிடுவாள் என்றேன். சரண்யா ஃபோனை எடுத்தாள்.

பலகைக்குக் கீழே நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். என் பெயர், என் தகப்பனார் பெயர், கடையின் பெயர். நான் பாலியஸ்டர் என்று சொன்னது பட்டு, அதுவும் நல்ல பட்டு, எங்கள் கடையில் நான் என் கையால் விரித்துக் காட்டி விற்ற பட்டு. தொட்டுப் பார்க்காமல் சொன்னது என் தப்பு, அதற்காக அந்தப் பெண்ணிடமும் சேலைக்கு உரியவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். சொல்லி முடித்ததும் வேட்டி நனைந்துவிட்டது, வேர்வையில்.

சரண்யா ஃபோனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, பட்டனை அமுக்க மறந்துட்டேன்" என்றாள்.

மன்னிப்பு என்பது ஒரு தடவை கேட்கிற விஷயம் என்றேன். அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மணி மூன்றேகால். விற்பனைப் பெண்கள் எல்லோரும் படிக்கட்டில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை முதலிலிருந்து, என் பெயர், என் தகப்பனார் பெயர் என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையில் மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தடவை குரல் நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றரைக்கு அது படையின் பக்கத்திலேயே போயிற்று. கீழே சரண்யா தன் பங்குக்கு, ‘நாங்களும் கேலி செய்தோம், தப்புதான்’ என்று ஒரு வரி சேர்த்தாள். நானூறு பேர் படையை விட்டு ஓடினார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மயிலாப்பூரிலிருந்து அவளுக்கு ஃபோன் வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். மூன்று மாதப் பேச்சு பாக்கி இருந்தது போலிருக்கிறது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஓட்டு முடிந்தது. ஸஹானா முதலாவது. ஷண்முகப்ரியா முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாவது. நடுவர்களும் ஷண்முகப்ரியாவை எடுக்கவில்லை. எங்கள் பெண் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. சரண்யா இரண்டு நாள் என்னிடம் பட்டு, ஜரிகை, சரக்கு தவிர வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாவது நாள் அவளே வந்து, இறுதிப் போட்டியைச் சூடாமணி மாமி வீட்டில் சேர்ந்து பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறார், நீங்களும் வர வேண்டுமாம், தீப்பெட்டி இல்லாமல், என்றாள்.

கடையைப் பற்றிப் பொன்ராஜ் பயந்தது பாதிதான் நடந்தது. ஒரு வாரம் எங்கள் கடையில் சேலை வாங்க வந்தவர்களைவிட, பழைய சேலையைப் பையில் போட்டுக்கொண்டு, "அய்யா, இது பட்டா பாலியஸ்டரா, கொஞ்சம் தொட்டுச் சொல்லுங்க" என்று வந்தவர்கள்தான் அதிகம். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டுச் சொன்னேன். வந்தவர்களில் நாலில் ஒருவர் மாடி ஏறிவிட்டுத்தான் போனார்கள். பச்சை இழையைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ரகசியமாவது வேண்டும்.

இறுதிப் போட்டியன்று மாமி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். வெற்றிலை, பூ, பழத்தோடு ஒரு தட்டை நான்தான் எடுத்துப் போனேன். தோற்ற கட்சிதான் ஜெயித்த கட்சி வீட்டுக்குத் தட்டோடு போக வேண்டும். ஷண்முகப்ரியாவும் சரண்யாவோடு வந்திருந்தாள். என்னிடம் அவள் கோபமாக இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். "நீங்க மன்னிப்புக் கேட்டத எங்க அப்பாவுக்கு மூணு தடவ போட்டுக் காட்டினேன்" என்றாள். அதில் என்ன பொருள் என்று நான் விசாரிக்கவில்லை. பரத்வாஜ் அன்றும் பேப்பருக்குப் பின்னால்தான் இருந்தார். ஆனால் ஸஹானா மேடைக்கு வந்தபோதெல்லாம் பேப்பர் கொஞ்சம் இறங்கியது. ஸஹானா அதே அரக்குச் சேலையில்தான் வந்தாள். பாலிஷ் போடாமல்.

அவள் மூன்றாவதாக வந்தாள். மகுடம், அதுவரை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத ஒரு தாம்பரத்துப் பெண்ணுக்குப் போயிற்று. படையும் சபையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அவளைப் பார்த்தன. அந்தப் பெண் மகுடத்தோடு கண்ணீர் விட்டுக்கொண்டு நடந்தாள். பச்சைச் சேலை, பளபளவென்று.

முதலில் ஆரம்பித்தது மாமிதான். அந்தப் பெண்ணின் நடை சுமார் என்றார். பதிலும் சுமார் என்றாள் சரண்யா. மூன்று மாதம் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரே குரலில் தாம்பரத்தைக் குத்தத் தயாரானார்கள். சரண்யாவின் கை தன்னால் ஃபோனை எடுத்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"மாமா, அவ கட்டியிருக்கறது பட்டா?" என்றாள் சரண்யா.

கூடமே என் வாயைப் பார்த்தது. பேப்பர்கூட இறங்கியது. எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. இல்லாமல் இருக்குமா, நாற்பத்தொன்பது வருஷம்.

"கையில தொட்டுப் பாக்காம நான் சொல்றதுக்கில்ல" என்றேன்.

சரண்யா ஃபோனைக் கீழே வைத்தாள். மாமி எழுந்து காபி கலக்கப் போனார். போகிற வழியில் திரும்பி, அந்தப் பெண்ணுக்கு வாழ்த்து எழுதச் சொன்னார் சரண்யாவிடம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. அடுக்களையில் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. அன்று நான் மறந்து வைத்துவிட்டு வந்த தீப்பெட்டியாகத்தான் இருக்கும். திரும்பக் கேட்கவில்லை.